உப்புத் தண்ணீரில் போட்ட சதைத் துண்டு

என் தங்கையை நடத்தை கெட்டவள் என்று ஊர் பேச வைத்தவர் ஒரு டாக்டர். புதுக்கோட்டையில் இன்றும் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் மூக்குக்குள் என்ன இருந்தது என்று பார்க்காமலே சொன்னார். சொன்னதை இன்று வரை திருப்பி வாங்கவில்லை. அவர் பேரைப் போட்டு எழுத எனக்குப் பயமில்லை. இந்தப் பகுதியில் யார் பேரும் வேண்டாம் என்பது பத்திரிகையின் வழக்கம், அதனால் விடுகிறேன். நான் செய்த தப்பு ஒன்றும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம். அப்போது சமஸ்தானம் இருந்தது. எங்கள் ஊர் ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில். வானம் பார்த்த கடலைக் காடு, கொஞ்சம் முந்திரி. தங்கையைக் கீரமங்கலத்துக்குப் பக்கத்தில்தான் கட்டிக் கொடுத்திருந்தோம். ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. மாப்பிள்ளை மலேயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தங்கை மாமியாரோடு இருந்துகொண்டு, கூலிக்குக் கடலை உடைக்கப் போவாள்.

அந்த மார்கழியில் அவளுக்கு இடது மூக்கு அடைத்தது. சளி என்றார்கள். நொச்சி ஆவி பிடித்தாள். பிறகு பீனிசம் என்ற மூக்கு நோய் என்றார்கள். ஒரு வைத்தியர் மஞ்சள் சுட்டுப் புகை காட்டச் சொன்னார். தை, மாசி போனது. மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிந்தது. கன்னம் உப்பியது. பங்குனியில் நாற்றம் வந்துவிட்டது. கூடச் சேர்ந்து கடலை உடைக்கிற பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

சித்திரையில் நான் அவளைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டருக்குப் பெரிய பேர். வெளியில் இரண்டு பெஞ்சு நிறைய ஆட்கள். உள்ளே நாற்காலியில் அவர். அறைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். உள்ளே பேசுவது முழுக்க வெளியில் கேட்கும்.

அவர் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "வாயத் தொற" என்றார். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே டார்ச் விளக்கை அடித்தார். நான் பத்து எண்ணுவதற்குள் அணைத்துவிட்டார்.

"புருசன் என்ன பண்றான்?"

"மலேயாவுல தோட்டத்துல இருக்காருங்க. போயி ரெண்டு வருசமாச்சுங்க" என்றேன்.

அவர் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார். "கேட்டியாய்யா? புருசன் மலேயாவுல. மேகம் கீரமங்கலத்துல. கப்பல்ல பார்சல் போட்டு அனுப்பியிருப்பான் போல."

கம்பவுண்டர் சிரித்தான். திரைக்கு வெளியில் யாரோ சிரித்தார்கள். மேகம் என்றால் தகாத உறவில் தொற்றும் நோய் என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. என் தங்கை முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"வாரா வாரம் செவ்வாக்கெழம கூட்டியா. ஊசி போடணும். மூக்கு ஒக்காந்து போறதுக்குள்ள வந்தீங்களே, அதச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே சீட்டு எழுதினார். தொடவில்லை. மூக்குக்குள் பார்க்கவில்லை. இரத்தம் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆலங்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். ஊர் எல்லை வருவதற்கு முன்னால் நான் நின்றேன். நான் கேட்டதையும் எழுதிவிடுகிறேன். "புள்ள, எங்கிட்ட மறைக்காத. உண்மையச் சொல்லு" என்றேன்.

அவள் முந்தானையை இறக்கி என்னைப் பார்த்தாள். "ஒனக்குமா அண்ணே அப்படித் தோணுது?" என்றாள். சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. ஆனால் கேட்ட வாய் கேட்டதுதான்.

எட்டு மாதம் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஊசிக்குப் போனோம். அந்த ஊசிக்கு வருகிறவர்களுக்குச் செவ்வாய்தான் நாள். பின்பக்கத்துக் கதவு வழியாகத்தான் விடுவார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் ஆலங்குடியில் பஸ் ஏறுகிறவர்களைக் கண்டக்டர் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். "செவ்வாக்கெழமச் சனமெல்லாம் பின்னாடி போங்க, பின்னாடி போங்க" என்பான். ஒரு தடவை அவன் சட்டையைப் பிடித்தேன். தங்கைதான் கையை எடுத்துவிட்டாள். "அவன் ஒருத்தன் வாயத்தான அண்ணே மூடுவ" என்றாள்.

ஆடி மாதத்துக்குள் செய்தி கீரமங்கலம் பக்கம் முழுக்கப் பரவிவிட்டது. கடலை மண்டிக்காரர் "அவ தொட்ட பருப்பு வேணாம்" என்று ஆள் விட்டுச் சொன்னார். மாமியார் பிள்ளையை வைத்துக்கொண்டு, இவளை மட்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். வண்டியில் ஏற்றும்போது அந்த அம்மாள், "என் மகன் கப்பலேறிப் போயிக் காய்ஞ்சு கெடக்கான். நீ இங்கிட்டு நல்லாக் கூத்தடிச்சிருக்க" என்று தெருவில் நின்று சொன்னதாக என் தங்கை சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. அடுத்தவருக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

நோய் நின்றபாடில்லை. கன்னம் வீங்கி இடது கண் மூடிக்கொண்டது. மேல் அண்ணத்தில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்துவிடும். பேச்சு குழறியது. எட்டு மாதம் கழித்து டாக்டர், "முத்திப் போச்சு. இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்க" என்று கைகழுவி விட்டார்.

கார்த்திகைக் கடைசியில் மாப்பிள்ளை மலேயாவிலிருந்து வந்தார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்தவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் சண்டை போடவில்லை.

"மச்சான், நான் அவளச் சந்தேகப்படல. ஆனா எங்க ஆத்தா முன்னாடியும் பங்காளிக முன்னாடியும் நான் எதக் காட்டிப் பேசுறது? டாக்டரு சொன்னாருன்னு சொல்றாங்க. டாக்டரு சொன்னதுக்கு இன்னொரு டாக்டரு காயிதம் கொண்டாங்க. இது அந்த நோய் இல்லேன்னு ஒரு காயிதம். அன்னைக்கே வண்டி கட்டிக்கிட்டு வாரேன். புள்ளையையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

தங்கை உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "அண்ணே, காயிதம் யாரு குடுப்பா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் நோய் குணமாகுமா என்று கேட்டதே இல்லை. காகிதம் எப்போது வரும் என்றுதான் கேட்டாள். மகளைப் பார்க்க வேறு வழி அவளுக்கு இல்லை.

காகிதம் கொடுத்தவர் அதே புதுக்கோட்டையில், அந்த டாக்டர் இருந்த தெருவிலிருந்து அரை மைலில் இருந்த ஒரு லேடி டாக்டர். மலையாள தேசத்து அம்மாள். எங்கள் ஊர் வாத்தியார் சொல்லி, தை மாதம் அழைத்துப் போனேன். எட்டு மாதமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் நாங்கள் நடந்திருக்கிறோம்.

அந்த அம்மாள் நெற்றியில் ஒரு கண்ணாடியைக் கட்டிக்கொண்டார். மூக்கை ஒரு கருவியால் விரித்துப் பார்த்தார். வாய்க்குள் விரலை விட்டு அண்ணத்தைத் தடவினார். பல்லை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். கழுத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார். கைக்குட்டை வைத்துக்கொள்ளவில்லை. எங்களைத் தவிர வெளியார் ஒருவர் அவள் முகத்தைத் தொட்டது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. என் தங்கையின் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வலியா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மேகமாங்க?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது" என்றார்.

டாக்டர் ஒருவர் தெரியாது என்று சொல்லி நான் அன்றுதான் கேட்டேன்.

அவரே விளக்கினார். அந்த அம்மாள் பேசும் தமிழ் மெதுவாக இருக்கும், ஆனால் எனக்குப் புரியும்படி இருந்தது. "மூக்குக்குள்ள சதை வளர்ந்தா அது பல தினுசா இருக்கலாம். வெறும் சளிச் சதைன்னா கிள்ளி எடுத்தாப் போதும். மேகப் புண்ணும் இப்படி அண்ணத்துல ஓட்டை போடும். காசநோயும் போடும். கான்சரும் போடும். அந்தக் கான்சர்லேயும் பல சாதி இருக்கு. கன்னத்து எலும்புக்குள்ள இருக்கிற அறையிலேர்ந்து கிளம்புறது ஒண்ணு. அதை எலும்போட அறுத்து எடுக்கணும். இன்னொண்ணு கத்திக்கு அடங்காது, ஆனா எக்ஸ்ரே வெளிச்சம் காட்டினா கரையும். வெளியில பார்த்தா எல்லாத்துக்கும் ஒரே வீக்கம், ஒரே நாத்தம்தான். ஒரு துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில பார்த்தாத்தான் எதுன்னு சொல்ல முடியும்."

"ரத்தத்தப் பாத்தா மேகம் இல்லேன்னு தெரியாதுங்களா? எங்களுக்கு அந்தக் காயிதம் போதுங்க."

"பார்க்கலாம். ஆனா எட்டு மாசம் ஊசி போட்டாச்சே. நோய் இருந்திருந்தாலும் இப்ப இல்லேன்னு வரலாம். அதை வச்சு நான் எழுதிக் குடுத்தா உங்க மாப்பிள்ளை வீட்டுல ஏத்துக்குவாங்களா?"

ஏற்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மாமியாருக்கு இது போதும். ஊசி போட்டுக் கழுவிவிட்டார்கள் என்பார்.

முதல் டாக்டரைப் பற்றி நான் கத்த ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். "அவர் சந்தேகப்பட்டதுல தப்பில்ல. நானும்தான் சந்தேகப்படுறேன். சோதிக்காமச் சொன்னதுதான் தப்பு" என்றார்.

மருந்து தடவி மரத்துப்போக வைத்து, மூக்குக்குள்ளிருந்து ஒரு துண்டு எடுத்தார். கடலைப் பருப்பில் பாதி இருக்கும். இரத்தம் நிற்க நேரமானது. தங்கையை அங்கேயே படுக்க வைத்தார்கள். துண்டைக் கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, தக்கை அடைத்துத் துணி சுற்றினார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் இருக்கிறார், தபாலில் அனுப்புகிறேன் என்றார். எனக்குத் தபாலை நம்பி உட்கார மனமில்லை. "குடுங்கம்மா, நானே கொண்டு போறேன்" என்றேன். அவர் யோசித்துத்தான் கொடுத்தார். "சாய்க்கக் கூடாது. ஸ்பிரிட் வத்தக் கூடாது. வத்தினா என்கிட்ட திரும்பி வாங்க" என்று சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் காலையில் திருச்சி பஸ்ஸில் ஏறினேன். பையை மடியில்தான் வைத்திருந்தேன். வழியில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வர டிரைவர் பிரேக்கை மிதித்தான். மடியிலிருந்த பை கீழே விழுந்து முன்சீட்டுக்கு அடியில் உருண்டது. எடுத்துப் பார்த்தேன், குப்பி உடையவில்லை. நல்லகாலம் என்று திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன். கீரனூரில் பஸ் தண்ணீர் ஊற்ற நின்றபோது மடி ஈரமாக இருந்தது. வேட்டியெல்லாம் ஸ்பிரிட் வாடை. தக்கை பாதி கழன்றிருந்தது. குப்பியின் அடியில் அந்தத் துண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் போயிருக்க வேண்டும். புதுக்கோட்டைக்கு எதிர் பஸ் எப்போது என்று கேட்டேன். மத்தியானம் என்றார்கள். போனால் அன்றைய ரயில் போய்விடும், ஒரு நாள் வீணாகும் என்று நினைத்தேன். ஒரு நாள்தான்.

எதிரில் ஒரு காப்பிக் கடை. கடைக்காரர் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே அது, சீசாவுக்குள்ள கறியா? யானைக்குக் கொழம்பா வைக்கப் போறீக?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மருந்துக்குங்க. மெட்ராஸ் வரைக்கும் கெடாமப் போகணும்" என்றேன்.

"கறிதான? கையளவு உப்பப் போடுங்க. காசி வரைக்கும் போகும்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கத்தில் கிடா வெட்டினால் மிஞ்சின கறியை உப்பும் மிளகாயும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காய வைப்போம். உப்புக்கண்டம் மாதக் கணக்கில் கெடாது. பிறந்தது முதல் பார்த்த சங்கதி. மனுஷச் சதையும் சதைதானே என்று நினைத்தேன். அவரிடமே உப்பு வாங்கி, தண்ணீரில் கரைத்து, குப்பி நிறைய ஊற்றி, தக்கையை நன்றாக அடைத்து, மேலே துணியால் இறுக்கிக் கட்டினேன். ஒரு சொட்டு சிந்தாமல் சென்னை வரைக்கும் கொண்டு போனேன். அந்த வழியெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது.

சென்னையில் குப்பியை ஒரு ஜன்னலில் வாங்கிக்கொண்டு நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். ஒரு சத்திரத்தில் காத்துக் கிடந்தேன். போனபோது ஓர் இளவயது டாக்டர் வெளியே வந்தார். "இதுல ஒண்ணும் தெரியல. திசு எல்லாம் கெட்டுக் கூழாயிருக்கு. இன்னொரு துண்டு எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எதுல போட்டு அனுப்பினாங்க?" என்றார்.

"ஸ்பிரிட்டுலதாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. புதுக்கோட்டைக்குத் திரும்பி லேடி டாக்டரிடமும் அதையே சொன்னேன். அந்த அம்மாள் தன் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்தாயா என்று என் எதிரிலேயே கேட்டார். அந்த ஆள் சாமி சத்தியம் செய்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உடனே இன்னொரு துண்டு எடுக்க முடியவில்லை. முதல் தடவை வெட்டின இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் இறங்கிப் புண் ஆறும் வரை பொறுக்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கழுத்தில் நெல்லிக்காய் போல இரண்டு கட்டி வந்தது. மாப்பிள்ளை ஆள் விட்டுக் கேட்டார். காகிதம் வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய ஆத்தா, "எப்படி வரும்? இருந்தாத்தான வரும்" என்றாராம்.

இரண்டாவது தடவை வெட்டுவதற்கு முன்னால் தங்கை என்னைக் கேட்டாள். "போன தடவ எடுத்தது பத்தலையா அண்ணே?"

அன்றைக்குத்தான் சொன்னேன். பஸ்ஸில் கவிழ்ந்தது, கீரனூர், உப்பு, எல்லாம் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள், திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.  அவள் அந்தக் குழறின குரலில், "உப்பு மட்டுமா போட்ட? மொளகாத் தூளும் தடவிக் கொடியில போட்டிருக்கலாம்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததில் மூக்கிலிருந்து இரத்தம் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "கம்பவுண்டர் பாவம். அந்த அம்மாட்ட போயிச் சொல்லிரு" என்றாள்.

போய்ச் சொன்னேன். லேடி டாக்டர் என்னைத் திட்டவில்லை. கம்பவுண்டரை அழைத்து என் எதிரிலேயே மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது துண்டைத் தன் நர்ஸிடம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

மாசிக் கடைசியில் காகிதம் வந்தது. மேகம் இல்லை. காசம் இல்லை. கான்சர். அதிலும் வெளிச்சத்துக்குக் கரைகிற சாதி. அந்த அம்மாள் கீழே தமிழில் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இது கெட்ட நடத்தையால் வருகிற நோய் அல்ல என்று ஒரு வரி தனியாக எழுதியிருந்தார். நான் அதை வாசித்துக் காட்டினேன். தங்கை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ஆளைக் கொல்லுகிற நோய் என்று எழுதிய காகிதத்தைக் கேட்டு ஒருத்தி சந்தோஷப்பட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அன்றைக்கே வண்டி கட்டிக்கொண்டு பிள்ளையோடு வந்தார். ஆனால் அவளை வீட்டுக்கு அழைத்துப் போக முடியவில்லை. வெளிச்சம் காட்ட, பிள்ளையோடு சென்னைக்குத்தான் அழைத்துப் போனோம்.

சென்னை வார்டில் பக்கத்துக் கட்டிலில் திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள் ஒருவர். அவருக்கும் இடது கன்னம், இடது கண், அதே வீக்கம். இரண்டு பேரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் அக்கா தங்கை என்பார்கள். ஆனால் அவருக்கு வந்தது எலும்பிலிருந்து கிளம்பும் சாதி. வெளிச்சம் காட்டவில்லை. கன்னத்து எலும்பையும் ஒரு கண்ணையும் சேர்த்து அறுத்தார்கள். முகத்தில் பள்ளத்தோடு பிழைத்து ஊருக்குப் போனார். என் தங்கைக்குக் கத்தி வைக்கவில்லை. வெளிச்சம் காட்டினார்கள். பத்து நாளில் வீக்கம் அப்படியே இறங்கியது. மூடின கண் திறந்தது. மகளை இரண்டு கண்ணாலும் பார்த்தாள். நாங்கள் ஊருக்குப் போகும் நாள் பற்றிப் பேசினோம். இரண்டு மாதம் கழித்து வயிற்றிலும் கழுத்திலும் கட்டிகள் கிளம்பின. அவை எதற்கும் அடங்கவில்லை. ஆனி மாதம் ஒரு மத்தியானம் போய்விட்டாள்.

கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று வார்டு டாக்டர் கேட்டார். வைகிற மாதிரிக் கேட்கவில்லை. வருத்தப்பட்டுக் கேட்டார். கழுத்துக்கு இறங்குவதற்கு முன்னால் வெளிச்சம் காட்டியிருந்தால் பிழைத்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். கழுத்தில் கட்டி வந்தது நான் உப்புத் தண்ணீர் ஊற்றிய பிறகு. அதற்கு முன்னால் எட்டு மாதம் அந்த டாக்டருடைய ஊசியில் போனது. எட்டு மாதம் அவருடையது, ஒரு மாதத்துக்கு மேல் என்னுடையது. நான் யாரிடமும் இதைக் குறைத்துச் சொன்னதில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அந்தப் பெண் பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. இந்தத் தை மாதம் விராலிமலைப் பக்கத்திலிருந்து நல்ல இடம் வந்தது. பெண் பார்த்தார்கள், பிடித்தது, பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். நாலு நாள் இருக்கும்போது ஆள் வந்து வேண்டாம் என்று சொன்னார்கள். விசாரித்தேன். "தாய் மேகத்துல மூக்கு அழுகிச் செத்தவளாம்ல" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லேடி டாக்டரின் காகிதத்தைக் கொண்டு போய்க் காட்டினேன். பையனுடைய அப்பா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "காயிதம் இருக்கட்டுங்க. அந்தப் பெரிய டாக்டரே சொன்னாருன்னு ஊருக்கே தெரியுமே" என்றார். லேடி டாக்டர் ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவர் எழுதின காகிதத்தைவிட அந்த டாக்டர் அடித்த கேலிதான் ஊரில் நின்றிருக்கிறது.

அதனால் போன மாதம் அந்த டாக்டரிடமே போனேன். தலை நரைத்திருக்கிறது. திரை போய்க் கதவு வந்திருக்கிறது. காகிதத்தை மேஜையில் வைத்தேன். வாசித்தார். முழுக்க வாசித்தார்.

"அந்தக் காலத்துல மூக்கு அழுகுனா அதுன்னுதான்யா நெனப்போம். நான் என்ன சோசியமா பாத்தேன்?" என்றார்.

"அதத்தாங்க நானும் கேக்குறேன். பாக்காம எப்படிச் சொன்னீங்க? இப்ப அது இல்லேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒரு பொண்ணு வாழ்க்கை."

"நான் எழுதிக் குடுத்தா, நான் தப்புச் சொன்னேன்னு ஆகாதா? பத்து வருசத்துக் கதையக் கிளறிக்கிட்டு. போய்யா, போயி வேலையப் பாரு."

வெளியே வந்துவிட்டேன். அவரை அடிக்காமல் வந்ததை நினைத்து இன்னும் எனக்கு ஆறவில்லை.

பார்த்ததும் எது என்று தெரியாத நோய்கள் இருக்கின்றன, அதற்காக எந்த டாக்டரையும் நான் குறை சொல்லமாட்டேன். தெரியாது என்ற ஒரு சொல்லை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை, கொட்டிவிட்டது என்ற ஒரு சொல்லை நானும் சொல்லவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் என் தங்கை செத்தாள் என்று நான் இன்றும் நினைக்கிறேன். என் பங்கை எல்லாரும் வாசிக்கும்படி இங்கே எழுதிவிட்டேன். டாக்டர் அவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் மேஜைக்கும் வருகிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தொட்டுப் பார்க்காமல், இரத்தம் எடுக்காமல், துண்டு எடுக்காமல், எதை வைத்து அந்தப் பெண்ணை அப்படிச் சொன்னீர்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பேரைப் போட்டு, ஊர் முழுக்க வாசிக்கும்படி பதில் எழுதுங்கள்.